புதருக்குப் பின்னால் கேமரா

பெண்ணுரிமைப் படம் எடுக்க வந்த ஓர் இயக்குநரிடம் சில வாரங்கள் உதவியாளராக இருந்தேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இல்லை.

கதை எங்கள் விக்கிரமசிங்கபுரத்துப் பக்கம் நடந்தது. ஆற்றில் குளிக்கும் பெண்களை ஒருவன் புதருக்குப் பின்னால் ஒளிந்திருந்து செல்போனில் எடுத்துக்கொண்டிருந்தான். மில்லில் வேலை பார்க்கும் ஓர் அக்கா ஈரச்சேலையோடு ஓடிப்போய் அந்தப் போனைப் பிடுங்கினார். கூடக் குளித்த பெண்களோடு போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போய் உட்கார்ந்தவர், வழக்குப் பதியும்வரை எழுந்திருக்கவில்லை. இயக்குநரிடம் இதைச் சொன்னதே நான்தான்.

அவர் கண்கலங்கினார். அவருக்கு அது அடிக்கடி வரும். பிறகு அவர் எழுதிக் காட்டிய திரைக்கதையில் போனைப் பிடுங்குவது ஓர் இளம் போலீஸ் அதிகாரி. பெண்கள் கரையில் நின்று கைகூப்புகிறார்கள்.

"சினிமாவுக்கு ஒரு ஹீரோ வேணும்மா" என்றார்.

நானும் சரியென்று தலையாட்டினேன். டைட்டிலில் பெயர் வரும் என்ற அற்ப ஆசை.

படப்பிடிப்பன்று அக்காவையும் அதே பெண்களையும் ஆற்றில் இறக்கினார். போனைப் பிடுங்கப்போகும் நடிகர் போலீஸ் உடுப்பில் கரையில் காத்திருந்தார். மூன்று முறை முங்கி எழுந்தார்கள். சேலை இன்னும் ஒட்ட வேண்டும் என்று நாலாவது டேக் கேட்டார். கேமரா வைத்திருந்ததும் அதே புதருக்குப் பின்னால்தான். "பார்க்கிறவன் குற்றவுணர்ச்சியில நெளியணும்" என்று விளக்கம் வேறு.

அக்கா கரையேறித் துண்டைப் போர்த்திக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏட்டி, அவன் ஒளிஞ்சிருந்து எடுத்தான். இவரு லைட்டு வச்சு எடுக்காரு. வேற என்ன வித்தியாசம்?"

இயக்குநர் குறுக்கே வந்தார். "உங்களுக்காகத்தாம்மா இந்தப் படமே."

"எங்களுக்காவன்னா எங்ககிட்டல்லா கேட்டிருக்கணும். போனைப் புடுங்குனது நான். உங்க படத்துல எவனோ புடுங்குதான்."

"அப்புறம் பேசிக்கலாம்மா, வெயில் ஏறிடும்."

"ஏறட்டும்" என்று சொல்லிவிட்டு மற்ற பெண்களையும் கூப்பிட்டுக்கொண்டு அக்கா நடந்தார். கிளாப் பலகையைக் கீழே வைத்துவிட்டு நானும் பின்னாலேயே போனேன். அங்கே நிற்கக் கூசியது.

வெளியூர் ஆட்களை வைத்து இயக்குநர் படத்தை முடித்தார். பாளையங்கோட்டையில் ஒரு மகளிர் தின விழாவில் விருதும் கிடைத்தது. மேடை முழுக்க ஆண்கள். அங்கேயும் அழுதாராம்.

நான் அக்காவை அவர் வீட்டிலேயே வைத்து என் போனில் எடுத்தேன். எங்கே உட்காருவது, எதைச் சொல்வது, எதை வெட்டுவது எல்லாம் அவர் முடிவு. அந்தப் படத்தை மகளிர் குழுக் கூட்டங்களில் போட்டோம். ஒரு கூட்டத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி எழுந்து, பஸ்ஸில் தன்னைத் திருட்டுத்தனமாகப் படம்பிடிப்பவனைப் பற்றிச் சொன்னாள். அதுவரை வீட்டில்கூடச் சொல்லாதவள். மறுநாளே அவளோடு அக்காவும் ஸ்டேஷனுக்குப் போனார். "நாளைக்கு வாங்க" என்றார்கள். அக்கா பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். சாயங்காலத்துக்குள் புகாரை எழுதி வாங்கினார்கள்.