நான்காம் அறையின் பலகைச் சுவர்

அந்த நாய்க் காப்பகத்தில் அவளைச் 'சீ அக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். டம்ளர் விளிம்பில் கறை இருந்தால் சீ, பேருந்துக் கம்பி பிசுபிசுத்தால் சீ. அப்படிப்பட்டவள் ஊரார் நாய்களைக் குளிப்பாட்ட வந்ததை விதியின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும். அவள் பத்து வருடம் துணி வெளுத்த தங்கும் விடுதியை ஒருநாள் இழுத்து மூடிவிட்டார்கள். வெளியூர் போகிறவர்கள் நாயை விட்டுப்போகும் இந்தக் காப்பகத்தின் முதலாளிக்கு அவளுடைய வெளுப்பு தெரியும். அழைத்துச் சேர்த்துக்கொண்டார்.

நாய்கள் பழகிவிட்டன. உண்ணிதான் பழகவில்லை. காதுமடலைப் புரட்டினால் கொத்துக் கொத்தாக இருக்கும். ரத்தம் குடிக்காதது எள் மாதிரி தட்டையாக ஊரும். குடித்தது ஆமணக்கங்கொட்டை மாதிரி ஊதிச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்துக்கொண்டு, தோலுக்குள் வாயைப் புதைத்துக் கிடக்கும். பிடுங்கி உள்ளங்கையில் வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கும். அது நாயின் சூடு என்று நினைத்த மாத்திரத்தில் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து புரட்டும். அருவருப்பு முற்றினால் ஆத்திரம்தானே? ஒவ்வொன்றையும் இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்குவாள். பட்டென்று வெடித்துக் கருஞ்சிவப்பாய் வழியும். கையுறை போட்டால் வழுக்குகிறது என்று கழற்றிப் போட்டுவிட்டாள்.

வீட்டில் இந்தக் கதை புருஷனுக்கு மட்டும்தான் தெரியும். தெருவுக்கும் நாத்தனாருக்கும் அவள் இன்னமும் துணி வெளுக்கிறவள்தான்.

ஒரு திங்கட்கிழமை தலையைப் பிளக்கும் வலியோடு காய்ச்சல் வந்தது. பக்கத்துத் தெரு டாக்டர் காய்ச்சல் மாத்திரை கொடுத்தனுப்பினார். நாலாம் நாள் மணிக்கட்டிலும் கணுக்காலிலும் சிவப்புப் புள்ளிகள் கிளம்பி, உள்ளங்கை, உள்ளங்கால் வரை பரவின. கூடமாட ஒத்தாசைக்கு வந்திருந்த நாத்தனார் பயந்துபோய்ப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். புருஷனும் கூடப் போனான்.

அங்கிருந்த பெண் டாக்டர் புள்ளிகளைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். துணி வெளுக்கிறேன் என்றாள். வீட்டில் ஆடு, மாடு, நாய் உண்டா என்று கேட்டதற்கு, எங்கள் வீட்டுக்கு ஈ எறும்புகூட எட்டிப் பார்க்காது என்று நாத்தனார் பெருமையாகச் சொன்னாள். டாக்டர் பேனாவை மூடவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்த புருஷன் மெல்ல வாயைத் திறந்தான்.

"நாய் குளிப்பாட்டுறா டாக்டர். உண்ணி எடுக்கறதுதான் வேலையே."

நாத்தனார் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டாள்.

"உண்ணி கடிச்சுதாம்மா?"

"கடிக்க விட்டதே இல்ல. கையாலயே நசுக்கிடுவேன்."

டாக்டர் அவள் விரல்களைத் திருப்பிப் பார்த்தார். சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி நகக்கண்ணெல்லாம் வெடித்திருந்தது. "கடிச்சாத்தான் வரணும்னு இல்ல. நீங்க நசுக்கறப்ப அதுக்குள்ள இருக்கற கிருமி இந்த வெடிப்பு வழியா உள்ள போயிடும். உண்ணியால வர்ற காய்ச்சல் மாதிரிதான் தெரியுது. ரத்தப் பரிசோதனை முடிவு வர்ற வரைக்கும் காத்திருக்க வேணாம், மருந்தை இப்பவே ஆரம்பிச்சிடலாம்."

அவள் குனிந்து பக்கத்தில் இருந்த தொட்டியில் வாந்தி எடுத்தாள். தான் நசுக்கிய ஒவ்வொன்றும் தன் நரம்புக்குள் ஊர்வதாகத் தோன்றியது. தோலைச் சுரண்டிச் சுரண்டி முழங்கை சிவந்துவிட்டது.

மருந்து கேட்டது. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டது. அதுவரை எட்டி நின்ற நாத்தனார், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கிளம்பும்போது சீப்பும் கையுமாக வந்து, அவள் தலையை வகிடு வகிடாகப் பிரித்து அரைமணி நேரம் தேடினாள். கிடைத்தது பொடுகுதான்.

மறுபடி வேலைக்குப் போன அன்று, நான்காம் அறையில் ஒரு கறுப்பு நாய் மூக்கில் ரத்தம் ஒழுகப் படுத்திருந்தது. ஈறு வெளுத்துக் காகிதமாகியிருந்தது. இதுவும் உண்ணி கொண்டுவந்ததுதான், கிருமி மட்டும் வேறு என்றார் அதைப் பார்க்க வந்த கால்நடை மருத்துவர். வாரந்தவறாமல் குளிப்பாட்டியும் எங்கிருந்து வருகிறது என்று அவள் கேட்டாள். உண்ணிக்கு நாய் வெறும் சாப்பாட்டுத் தட்டு, வயிறு நிறைந்ததும் இறங்கிப்போய்ச் சுவர் இடுக்கில் ஒளிந்துகொள்ளும், ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுவிட்டுத்தான் சாகும் என்றார் அவர்.

அவள் கண் நான்காம் அறையின் பலகைச் சுவருக்குப் போனது. வாடிக்கையாளர் கண்ணுக்கு அழகாக இருக்கட்டும் என்று முதலாளி ஆசையாக அடித்த பலகை அது. அதைக் கழற்ற வேண்டும் என்றாள். இப்போது வேண்டாம், நாய்கள் நிறைய வந்திருக்கிற சமயம் என்று அவர் மழுப்பினார்.

"பலகைய நீங்க கழட்டுறீங்களா, நான் கழட்டட்டுமா?"

நாய்களையெல்லாம் வெளியேற்றிவிட்டுக் கடப்பாரையால் நெம்பினார்கள். முதல் பலகை விழுந்ததும் சுவரே அசைவது போலிருந்தது. கூரைவரை உண்ணிகள். முட்டையிட்டுச் செத்தவை உமியாய் ஒட்டிக்கிடந்தன. பக்கத்தில் பழுப்பு மணிக்குவியல்களாக முட்டைகள். கடுகிலும் சின்னதாய், இன்னும் ஆறு கால்களே முளைத்த குஞ்சுகள் வெளிச்சம் பட்டதும் சிதறி ஓடின. துரு நாற்றமும் ஊறிய மர நாற்றமும் கலந்து மூக்கிலேறின. முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அவளுக்கும் தொண்டைவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். முழங்கைவரை கையுறை போட்டிருந்தாள். அடுத்த பலகைக்குக் கடப்பாரையைக் கொடுத்தாள்.

பலகைகளை முற்றத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். சுவருக்கு மருந்தடித்து, ஒரு விரிசல் விடாமல் சிமெண்டு பூசினார்கள். அதோடு அவள் விடவில்லை. கடந்த மூன்று மாதத்தில் நாயை விட்டுப்போன எல்லோருக்கும் உண்ணி விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று நின்றாள். முதலாளி முனகிக்கொண்டே ஒவ்வொருவராகப் போன் செய்தார். பாதிப் பேர் அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை. கறுப்பு நாய் ஒரு மாதம் மாத்திரை தின்று பிழைத்தது.

இப்போது அவள் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட் பாட்டிலில் போட்டு மூடுகிறாள். குமட்டல் ஒரு நாளும் நின்றதில்லை. அவள் வேலை இப்போது தெருவுக்கே தெரியும். போன வாரம் எதிர்வீட்டுக்காரி ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். இவள் அதன் கால்விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தாள்.

"மூணு இருக்கு. நீங்க தொடாதீங்க, நான் இடுக்கி எடுத்துட்டு வரேன்."