ஆதரவற்றவர் என்று நான் எழுதியது

என் கணவர் படுக்கையில் கிடந்த இரண்டு வருஷமும் அவருக்குக் கட்டு மாற்ற வந்தது எங்கள் தெருவில் குடியிருந்த ஒரு நர்ஸ். ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்ததும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். எல்லோரையும் போல நானும் அவரை சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவேன். ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் எனக்கு பேக்கிங் வேலை. நாள் முழுக்கக் காஸ் துணியை மடித்துப் பெட்டியில் அடுக்கியவள்தான், ஆனால் அதை ஒரு புண்ணின் மேல் எப்படி வைக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாது. சிஸ்டர்தான் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்.

கணவர் இறந்த பிறகு எங்களுக்கு மாலை நேரம் வெறுமையாகிவிட்டது. அப்போது பக்கத்துத் தெருவில் ஒருவருக்குப் படுக்கைப்புண் என்று கூப்பிட்டார்கள். போனோம். அவர்கள் சொல்லி இன்னொரு வீடு. கம்பெனி முதலாளி, துணியில் குறையில்லாமல் அட்டைப்பெட்டி மட்டும் நசுங்கிய ரோல்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். சிஸ்டரின் ஸ்கூட்டியில் நானும் பின்னால் உட்கார்ந்து போய்வர, ஒரு கட்டத்தில் பதினாலு வீடு ஆகிவிட்டது. உதவி செய்ய முன்வந்த சிலர், "ட்ரஸ்ட் இருக்கா? ரசீது தருவீங்களா?" என்று கேட்டார்கள். எங்களிடம் இரண்டும் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலம்மா இருக்கிறார், ட்ரஸ்ட் வேலை மட்டும்தான் பார்ப்பார், அவரிடம் போங்கள் என்று முதலாளிதான் வழி காட்டினார்.

நாங்கள் போனது ஒரு புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் இருக்கிற திருவண்ணாமலைப் பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு போய்ச் சேர்ந்தோம். வக்கீலம்மாவின் அறையில் எங்களுக்கு முன்பே நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அன்னதானக் கமிட்டிக்காரர்கள்.

"சாப்பாட்டுக்குன்னு வாங்கினதைச் சாப்பாட்டுக்குத்தான் செலவழிக்கணும்," என்று வக்கீலம்மா அவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "மிச்சம் இருந்துச்சு, மைக்செட்டுக்குக் குடுத்துட்டோம்னு சொன்னா அது கணக்கு இல்ல. குடுத்தவரு மைக்குக்குக் குடுக்கலையே."

நல்லது செய்கிறவர்களுக்கு எதற்கு வக்கீல் என்று அதுவரை எனக்கு ஒரு எண்ணம். அந்த நாலு பேரும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து போனதைப் பார்த்ததும் அது போய்விட்டது.

எங்கள் கதையை முழுசாகக் கேட்டார். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவராக இருப்பார். கேட்டு முடித்துவிட்டு முதலில் கேட்ட கேள்வி: "அக்கா, நீங்க ரெண்டு பேரும் நாளைக்கே சண்டை போட்டுப் பிரிஞ்சிட்டா, அந்தப் பதினாலு வீட்டுக்கு யாரு போவா?"

அப்படி ஒன்றை நாங்கள் நினைத்ததே இல்லை.

"யோசிச்சுட்டு வாங்க. அதுக்கப்புறம் பத்திரம் எழுதலாம்," என்றார்.

பத்திரம் எழுத நாலு தடவை போக வேண்டியிருந்தது. எங்களுக்குத் தெரிந்த ஒருவர் எழுதிக்கொடுத்த மாதிரியைக் கொண்டுபோயிருந்தோம். அதில் 'நோயாளிகளின் மேம்பாட்டுக்காகப் பாடுபடுதல்' என்று இருந்தது. வக்கீலம்மா பேனாவை அந்த வரியில் வைத்தார்.

"மேம்பாடுன்னா என்ன?"

சிஸ்டர்தான் பதில் சொன்னார். "புண்ணு ஆறணும் மேடம். நாத்தம் போகணும். திருப்பிப் படுக்க வைக்க வீட்டுல ஒரு ஆளுக்குச் சொல்லிக்குடுக்கணும். அம்புட்டுத்தான்."

"அதையே எழுதுவோமே," என்றார் வக்கீலம்மா. எழுதவும் செய்தார். சார்பதிவாளர் அலுவலகத்தில் நாங்கள் கைரேகை வைத்த பத்திரத்தில், வீடு தேடிப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுவது என்று பச்சைத் தமிழில்தான் இருக்கிறது. எங்களில் ஒருவர் விலகினாலும் வேலை நிற்காமலிருக்க, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ட்ரஸ்டீகள் கூட வேண்டும் என்றும் அதில் சேர்த்திருந்தார். ஃபீஸ் வேண்டாம் என்பார் என்று எதிர்பார்த்தேன். வாங்கிக்கொண்டார். "சும்மா சொன்னா நான் சொல்றதுல பாதியைத்தான் கேப்பீங்க," என்று சிரித்தார்.

ஃபீஸ் கொடுத்தும் நான் பாதியைத்தான் கேட்டேன் என்பது பிறகு தெரிந்தது.

வன்னியம்பட்டிப் பக்கம் ஒரு சம்சாரி, விவசாயம் பார்த்தவர். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. நான் அவரை அண்ணாச்சி என்பேன், அவர் என்னைத் தாயி என்பார். முதுகின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். வாரத்துக்கு மூன்று நாள் போனோம். ஆறுகிறதா என்று பார்க்க சிஸ்டர் அவ்வப்போது ஃபோனில் படம் எடுத்து வைப்பார். அதில் ஒரு படத்தில் அண்ணாச்சி தலையைத் திருப்பியிருந்ததால் முகமும் விழுந்திருந்தது.

அந்தச் சமயம் எங்களுக்குக் காற்று மெத்தைகள் தேவைப்பட்டன. உதவி கேட்டு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி எழுதினேன். எழுதியதைப் படித்தபோது சப்பென்று இருந்தது. சிஸ்டரின் ஃபோனிலிருந்து அந்தப் படத்தை எடுத்துச் சேர்த்தேன். மேலே, 'பெற்ற பிள்ளையால் கைவிடப்பட்ட ஆதரவற்ற முதியவர்' என்று எழுதினேன். யாரும் சொல்லி எழுதவில்லை. அந்த வரி வந்ததும் செய்திக்கு உயிர் வந்துவிட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. அனுப்பிவிட்டேன்.

நிறையப் பேர் கொடுத்தார்கள். ஐந்து மெத்தைகள் வந்தன. நான் சந்தோஷமாக இருந்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு அழைப்பு. அண்ணாச்சியின் மகன். ராணுவத்தில் வடக்கே எங்கேயோ இருக்கிறார் என்று தெரியும், பேசியதில்லை.

"எங்க அப்பாவை அநாதைன்னு போட்டது நீங்கதானா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "என் கூட இருக்கிறவங்க ஃபோன்ல காட்டுதாங்க. உங்க ஊர்ப் பேரு போட்டிருக்கு, இது ஆருன்னு கேக்காங்க. நான் என்ன சொல்ல?"

நான் ஏதோ உளறினேன். அவர் கேட்கவில்லை, வைத்துவிட்டார். அடுத்த வாரம் அவருடைய வக்கீலிடமிருந்து நோட்டீஸ் வந்தது.

அதை எடுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தனியாகப் போனேன். சிஸ்டரிடம் முகம் காட்ட முடியவில்லை. அவர் வைத்தியத்துக்காக எடுத்த படம் அது. வக்கீலம்மா நோட்டீஸைப் படித்தார். பிறகு என் ஃபோனை வாங்கி நான் அனுப்பிய செய்தியைப் படித்தார்.

"கைவிட்டுட்டாங்கன்னு அந்தப் பெரியவரு உங்ககிட்டச் சொன்னாரா?"

"இல்ல மேடம். மகன் தினம் ஃபோன் பேசுவாருன்னுதான் சொல்லுவாரு. மருமகதான் சமைச்சுக் குடுக்குது."

"அப்ப இது எங்கயிருந்து வந்துச்சு?"

"அப்படிப் போட்டாத்தானே மேடம் மனசு எளகிக் குடுப்பாங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ஃபோனை மேஜையில் வைத்துவிட்டு விரலை மடக்கினார். "அவரைக் கேக்காமப் படம் போட்டது ஒண்ணு. அவரு பிள்ளை மேல பொய் சொன்னது ரெண்டு. அந்தப் பொய்யைக் காட்டி மத்தவங்ககிட்ட உதவி வாங்கினது மூணு. அக்கா, இதுல மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பயமா இருக்கு."

"கேஸ்ல ஜெயிக்க முடியாதா?"

"இழுக்கலாம். வருஷக்கணக்கா இழுக்கலாம். ஆனா அதுக்குள்ள உங்களை எந்த வீட்டுக்காரங்களும் உள்ள விடமாட்டாங்க."

நான் அழுதேன். தண்ணீர் கொடுத்துவிட்டு, அழுது முடிக்கும்வரை வேறு ஒரு கேஸ் கட்டைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தார். பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார். செய்தியை எங்கெல்லாம் அனுப்பினேனோ அங்கெல்லாம், நான் எழுதியது பொய், அவருக்குப் பாசமான குடும்பம் இருக்கிறது என்று அதே நீளத்துக்கு எழுதி அனுப்ப வேண்டும். உதவி செய்த ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி, திருப்பி வேண்டுமா என்று கேட்க வேண்டும். மகன் லீவில் வரும்போது நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

"நோட்டீஸுக்குப் பதில்?"

"தப்புன்னு ஒத்துக்கிட்டு நான் எழுதுறேன். ஆனா காகிதம் போறது பெருசில்ல. நீங்க போகணும்."

சிஸ்டரிடம் அன்றே சொன்னேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஸ்கூட்டியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "ஏறுங்க," என்றார். அவ்வளவுதான்.

மறுப்புச் செய்தியை அனுப்பிய அன்று வெட்கத்தில் கம்பெனிக்கு லீவு போட்டேன். திருப்பிக் கேட்டவர்கள் சிலர். வக்கீலம்மா சொன்னபடி மறுபேச்சில்லாமல் அனுப்பிவைத்தோம். பலர் பதிலே போடவில்லை. ஒரே ஒருவர், இப்படி எழுதிக் கேட்ட ஆளை இப்போதுதான் பார்க்கிறேன், வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்.

மகன் லீவில் வந்திருக்கிறார் என்று தெரிந்ததும் வன்னியம்பட்டிக்குப் போனோம். வக்கீலம்மா தானாகவே வந்து பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார். "பேச மாட்டேன். கூட நிக்கிறேன்," என்றார்.

மகன் வாசலிலேயே நின்றிருந்தார். வக்கீலம்மாவைப் பார்த்து, "இவங்க யாரு?" என்றார்.

"எங்க வக்கீல்."

"வக்கீலைக் கூட்டிட்டு வந்தா பயந்துருவேனா?"

"வாதாட வரலை சார்," என்றார் வக்கீலம்மா. "தப்பு இவங்க மேலதான். அதை உங்ககிட்டச் சொல்ல வந்திருக்காங்க." அதோடு ஒதுங்கிக்கொண்டார்.

யோசித்து வைத்திருந்தது எதுவும் எனக்கு வாயில் வரவில்லை. "தம்பி, உங்க அப்பா அப்படி ஒரு வார்த்தை சொல்லலை. நானாத்தான் எழுதினேன். ஆள் இரக்கப்படணும்னு எழுதினேன். என்னை மன்னிச்சிருங்க," என்றேன். உள்ளேயிருந்து அண்ணாச்சியின் குரல் வந்தது. "ஆரு, தாயியா? உள்ள வரச் சொல்லுப்பா."

அவருக்கு விஷயமே தெரியாது. மகன் சொல்லவில்லை. நான்தான் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அந்தப் படத்தைக் காட்டு," என்றார்.

நான் தயங்கினேன். மகன்தான் தன் ஃபோனில் எடுத்து நீட்டினார். அண்ணாச்சி அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

"இம்புட்டுப் பெருசா? தொட்டாத் தெரியலையே, ஏதோ கொப்புளம்னுல்லா நெனச்சேன்." பிறகு மகனைப் பார்த்தார். "இது உனக்குத் தெரியுமாப்பா?"

"படத்துலதான்பா பாத்தேன்," என்றார் மகன். அப்போதுதான் அவர் குரல் உடைந்தது. தினமும் பேசும்போதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன் என்றே அப்பா சொல்லியிருக்கிறார். அப்பாவின் முதுகு எந்த நிலைமையில் இருக்கிறது என்று அவர் பார்த்தது, கைவிட்டவன் என்று தன்னை ஏசிய ஒரு செய்தியில். என் தப்பின் முழு அளவு எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

சிஸ்டர் பையைத் திறந்து கையுறையை மாட்டினார். "தம்பி, கையைக் கழுவிட்டு வாங்க," என்றார். "லீவு எத்தனை நாள்?"

"இருவத்தி ரெண்டு நாள் இருக்கு."

"போதும். கத்துக்கிடலாம்."

அன்றைக்குக் கட்டை அவிழ்த்தது சிஸ்டர், கழுவியது மகன். பக்கத்தில் மருமகளும் நின்று பார்த்தாள். மகன் என்னோடு பேசவில்லை. ஆனால் காஸ் துணியை எடுத்துக்கொடுக்க நான் கை நீட்டியபோது வாங்கிக்கொண்டார். லீவு முடிவதற்குள் எங்களைவிட நேர்த்தியாகக் கட்டினார். நோட்டீஸை மேற்கொண்டு நடத்தவில்லை. மன்னித்தேன் என்று வாயால் சொன்னதும் இல்லை. நானும் அதற்குப் பிறகு கேட்கவில்லை. அவர் போன பிறகு மருமகளே பார்த்துக்கொண்டாள், நாங்கள் மாதம் ஒருமுறை போனால் போதுமென்றாயிற்று. எட்டு மாதத்தில் புண் மூடிவிட்டது.

வக்கீலம்மா எங்களுக்கு ஒரு பக்க அளவில் ஒரு தாள் எழுதிக்கொடுத்தார். படம் எடுக்கலாமா, எதற்கு, யாருக்குக் காட்டலாம், வேண்டாமென்றாலும் கட்டுப் போட வருவோம் என்று பெரிய எழுத்தில். கடைசி வரியை வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்க வேண்டும் என்றார். பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். இப்போது எங்கள் செய்தியில் யாருடைய முகமும் கிடையாது. எத்தனை வீடு, என்ன தேவை, அவ்வளவுதான் எழுதுகிறேன். முன்னைப்போல மளமளவென்று வருவதில்லை. வருவது போதுகிறது.

போன மாதம் எந்த வேலையும் இல்லாமல் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனேன். கோர்ட்டில் இருந்தார். மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கருப்புக் கவுனோடு வெளியே வந்தவர் என்னைப் பார்த்ததும், "என்னக்கா, என்ன ஆச்சு?" என்று வேகமாக வந்தார்.

"ஒண்ணும் ஆகலை மேடம். சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான்."

நம்பாமல் பார்த்தார். டீ வாங்கிக் குடித்தோம். மகளுக்குக் காலேஜ் தேட வேண்டியிருக்கிறது என்றார், மூட்டுவலியால் மாடி ஏற முடியவில்லை என்றார். நான் எப்படியோ வார்த்தையைச் சேர்த்து, "அன்னைக்கு நீங்க கேஸை இழுத்தடிப்போம்னு சொல்லியிருந்தா நானும் சரின்னுருப்பேன் மேடம். தப்பை ஒத்துக்கிடச் சொன்னீங்களே, அதுக்குத்தான் வந்தேன்," என்றேன்.

அவர் டீக்கிளாஸைக் கீழே வைத்தார். பிறகு, "இந்தக் காலாண்டு ட்ரஸ்டீ கூட்டம் போட்டாச்சா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். இந்த வாரமே போடச் சொன்னார். சரி என்று சொல்லிவிட்டு ராஜபாளையம் பஸ்ஸுக்கு நடந்தேன்.