லைனில் இருப்பவர்கள்

ஒரேயடியாகப் படுத்துவிடுகிற கம்ப்யூட்டரைக்கூட மன்னித்துவிடலாம். நன்றாக ஓடிக்கொண்டே இருந்து, நாலைந்து நாளில் மெல்ல மெல்லத் தூங்கிப்போகிற கம்ப்யூட்டரை என்ன செய்வது? வில்லியனூரில் ஒரு தனியார் மாட்டு ஆஸ்பத்திரியில் அப்படி ஒன்றோடுதான் நான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மருந்து அறையில், தடுப்பூசி ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில், ஸ்டூல் மேல் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பெயர் சர்வராம்!

சுற்றுவட்டாரத்து ஆட்கள் ஆஸ்பத்திரி எண்ணுக்கு போன் செய்தால் அதுதான் எடுக்கும். மாடு கன்று போடச் சிரமப்படுகிறதா, ஒன்றை அழுத்து. சினை ஊசியா, இரண்டை அழுத்து. அழுத்தினால் டாக்டரின் செல்லுக்குத் தகவல் போகும். இந்தப் புரோகிராமை எழுதிக்கொடுத்தவன் பெங்களூருக்குப் போய்விட்டான், என் போனை எடுப்பதில்லை. ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் தலையில் பராமரிப்பு விழுந்தது.

தூக்கம் வரத் தொடங்கினால் முதலில் அந்த ரெக்கார்டு குரல் தாமதமாக வரும். பிறகு வரவே வராது. ரீஸ்டார்ட் செய்தால் புத்தம்புதிதாக எழுந்து ஓடும். மறுபடி நாலைந்து நாள்.

ஒருநாள் செலியமேட்டிலிருந்து ஒருவர் நேராக ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். டாக்டரிடம் போகவில்லை, என் மேஜைக்கு வந்தார்.

"இன்னாம்மா இது? காதுல வச்சா கம்முனு கீது. திருப்பித் திருப்பிப் போட்டேன். அது கம்முனு இருந்த நேரத்துல என் மாடு வவுத்துக் கன்னோட செத்துப்போச்சு."

அவர் போன பிறகு டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "இன்னொரு மாடு இப்படிப் போச்சுன்னா நான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியாதும்மா."

அன்று முதல் அதே நினைப்பு. எவர் வீட்டு மாடு அடுத்தது? கூடுதலாக மெமரி வாங்கிப் போட்டேன். தூசி தட்டினேன். கரன்ட் மேல் பழி போட்டேன், ஃபிரிட்ஜை நகர்த்தி வைத்தேன். மெமரி எவ்வளவு நிரம்பியது என்று திரையில் காட்டுகிற கோடு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது, இறங்கின பாடில்லை. "ரீஸ்டார்ட் பண்ணா ஓடுதுல்ல? தினமும் பண்ணிடேன்" என்றார் டாக்டர். அதையும் செய்தேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் லைனில் இருக்கிற எல்லோரும் அறுந்துபோவார்கள். அந்த நேரம் யாராவது மாட்டோடு தவித்துக்கொண்டிருந்தால்?

மாடுகள் ஈனுகிற பருவம் வந்து போன் கூடியதும், காலையில் ரீஸ்டார்ட் செய்தாலும் மத்தியானமே படுத்துவிட்டது. அப்படி ஒரு மத்தியானம், யார் யார் லைனில் இருக்கிறார்கள் என்று திரையில் பார்த்தேன். நீளமாகப் பட்டியல் ஓடியது. காலையில் கூப்பிட்டவர்கள்கூட இன்னும் லைனில் இருப்பதாகக் காட்டியது. காலையிலிருந்து யாரப்பா பேசுகிறீர்கள், அதுவும் ஒரு ரெக்கார்டு குரலோடு? எரிச்சலில் என் செல்லை எடுத்து முதல் எண்ணைக் கூப்பிட்டேன்.

"மாட்டு ஆஸ்பத்திரிலருந்து பேசறேன். நீங்க எங்க லைன்லதான இருக்கீங்க?"

"லைன்லயா? நான் கொல்லையில களை எடுத்துனு கீறேன். காலைல ஒரு மிஸ்டு கால் குடுத்தேன், நீங்கதான் கூப்புடவே இல்ல."

அடுத்தவரும் மிஸ்டு கால். அதற்கடுத்தவர் சிரித்தார். "டாக்டர் முன்னாடில்லாம் மிஸ்டு கால் பாத்தா அவரே கூப்புடுவாரும்மா. அதான் ஒரு ரிங் வுட்டுட்டு வச்சுட்டேன்."

அடப்பாவிகளா! குரல் முழுதாகப் பேசி முடித்தால்தான் சர்வர் லைனை விடும். நடுவில் வைத்துவிட்டுப் போனவர் போய்விட்டார் என்பதே அதற்குத் தெரியாது. இல்லாத ஆட்களையெல்லாம் மெமரியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. சோதித்துப் பார்த்தபோதெல்லாம் நான் கடைசி வார்த்தைவரை கேட்டேன். இந்த வட்டாரத்திலேயே அந்தக் குரலை முழுதாகக் கேட்ட ஒரே பைத்தியம் நான்தான் போலிருக்கிறது.

அப்பாடா என்றிருந்தது. லைனில் ஒருவருமே இல்லை, தைரியமாக ரீஸ்டார்ட் செய்யலாம். எதற்கும் இன்னும் ஒரு எண்ணைப் பார்ப்போம் என்று கூப்பிட்டேன். கரையாம்புத்தூர் எண். பிசி. மறுபடி கூப்பிட்டேன். பிசி.

பகீரென்றது. மற்றவர்கள் வைத்துவிட்டதால்தான் அவர்கள் போன் அடித்தது. இந்த ஆள் வைக்கவே இல்லை. எங்கள் லைனில்தான் இருக்கிறார், அந்த மௌனத்தைக் கேட்டுக்கொண்டு. லைனை அறுக்காமல் அவரைப் பிடிக்க வழியில்லை. ரீஸ்டார்ட் பட்டனை அழுத்திவிட்டு உடனே கூப்பிட்டேன்.

"அய்யய்யோ, கட்டாயிடுச்சே!" ஒரு பெண் குரல் அழுதது. "எம்மா, எங்க முறை போயிடுச்சா?"

"முறையெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. மாட்டுக்கு இன்னா?"

"தண்ணிக்குடம் ஒடைஞ்சு எவ்ளோ நேரமாச்சு. ஒரு காலு மட்டும் வெளிய வந்து நிக்குது. வூட்ல யாரும் இல்லம்மா."

"வச்சுட்டுத் திரும்பப் போட்டிருக்கலாமேக்கா?"

"கட் பண்ணா வரிசையில பின்னாடி போயிடுவேனோன்னு பயந்துனு காதுலயே வச்சினு இருந்தேன்."

நான் ஓடிப்போய்ச் சொன்னதும் டாக்டர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே விட்டு எழுந்து வண்டியை எடுத்தார்.

நான் அங்கேயே உட்கார்ந்து, கூப்பிட்டவர் வைத்துவிட்டால் லைனை உடனே விட்டுவிடும்படி புரோகிராமை மாற்றினேன். அவ்வளவுதான், ரெண்டு வரி வேலை. மெமரிக் கோடு ஏறாமல் நின்றது. சந்தோஷப்படத் தோன்றவில்லை. வாசலையும் என் செல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் டாக்டர் போனில் கூப்பிட்டார். "கன்னு போச்சும்மா. மாடு எழுந்து நின்னுடுச்சு. கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா ரெண்டும் பொழச்சிருக்கும். இந்தா, அவங்க உங்கிட்ட பேசணுமாம்."

என்ன திட்டினாலும் வாயைத் திறக்கக்கூடாது என்று முடிவு செய்துகொண்டேன்.

"எம்மா, நீயாச்சும் கூப்ட்டியே. இல்லன்னா மாடும் போயிருக்கும். நீ நல்லாருக்கணும்மா."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். போனை வைத்துவிட்டு, மருந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.