காந்தம் வைத்த கொட்டாங்குச்சிகள்

இரண்டு ஸ்பீக்கர் காந்தங்களை எதிரெதிராகப் பிடித்து நெருக்கினால், நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஏதோ ஒன்று வழுக்கிக்கொண்டு கையைத் தள்ளுமே, அந்தத் தள்ளலை என் உள்ளங்கை இன்னும் மறக்கவில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, அந்தக் கறுப்பு வளையங்களை மஞ்சள் பையில் போட்டு, தோள் ஒரு பக்கம் சாய வகுப்புக்குத் தூக்கி வந்தவள் அமலா. அவளுடைய அப்பா திருக்கழுக்குன்றத்தில் ஒரு "மைக் செட்" கடையில் வேலை பார்த்தார். அவருக்கு முந்தைய தலைமுறை வரை பிறர் வயலில் நாற்று நட்ட குடும்பம். அவரோ தேர்தல் கூட்டத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் மாதா கோயில் கொடியேற்றத்துக்கும் குழாய் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தார். கிழிந்துபோன ஸ்பீக்கர்களின் காந்தங்கள் மகளுக்குச் சொத்தாக வந்து சேர்ந்தன.

காந்தம் செடியை வளர்க்குமா என்று பார்ப்போம் என்றது அவள்தான். இடம் மட்டும் எங்கள் வீடு. "எங்க வூட்ல கோழி கீது, ஒரு மொள வுடாது" என்றாள். என் அப்பா அணு ஆராய்ச்சி வேலைக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்தக் கடற்கரைக்கு வந்தவர். எங்களுக்கு "குவார்ட்டர்ஸ்" வீடு, பின்னால் வெயில் விழும் சிமெண்டுத் தளம். அங்கே பன்னிரண்டு தேங்காய் ஓடுகளை வரிசையாக வைத்தோம். அம்மா அவற்றைச் "சிரட்டை" என்பாள், அமலா "கொட்டாங்குச்சி" என்பாள், இருவருமே அடுத்தவர் பேசுவது தமிழ்தானா என்று என்னைப் பார்ப்பார்கள். காந்தத்தைச் சுத்தியலால் உடைத்து ஆறு ஓடுகளின் அடியில் போட்டு, அவற்றின்மேல் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்தோம். எல்லாவற்றிலும் ஒரே மண், ஒரே எண்ணிக்கையில் பச்சைப்பயறு, காலையில் ஒரு மூடித் தண்ணீர்.

பத்தே நாளில் வட்டம் போட்ட ஆறும் மற்றவற்றைவிடக் கிட்டத்தட்ட இரண்டு பங்கு உயரம். நூல் பிடித்து மறுபடி ஒருமுறை அளந்தேன். அறிவியல் டீச்சர், "விளையும் பயிர் முளையிலே தெரியும்னு சும்மாவா சொன்னாங்க" என்று எங்கள் இருவர் தலையிலும் கை வைத்தார். வண்ணச் சார்ட் தயாரானது. செங்கல்பட்டில் நடக்கும் கண்காட்சியில் முதலிடம் வந்தால் கோயமுத்தூருக்கு, இரவு ரயிலில். எனக்கு ரயில் பழைய சங்கதி, வருடத்துக்கு இரண்டு தடவை ஊருக்குப் போய் வருவோம். அமலாவோ செங்கல்பட்டு நிலையத்தில் ரயிலைப் பார்த்திருக்கிறாளே தவிர ஏறியதில்லை. கோயமுத்தூரில் குளிருமாம் என்று கேள்விப்பட்டு, அத்தை எனக்குப் பின்னிக் கொடுத்த பச்சை ஸ்வெட்டரை இரவல் கேட்டாள். எங்கள் ஊர் வெக்கையில் அதைப் போட்டுப் பார்த்து, வேர்த்துக் கொட்ட, கழற்ற மனமில்லாமல் நின்றாள். அந்தப் பயணத்தை அவள் எவ்வளவு விரும்பினாள் என்று எனக்குத் தெரியும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கண்காட்சிக்கு இரண்டு வாரம் இருக்கையில், ஒரு சனிக்கிழமை, அவள் குனிந்து மூக்கைச் சுருக்கினாள்.

"இன்னாடி இது, புளிச்ச நாத்தம் அடிக்குது?"

பன்னிரண்டையும் ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தாள். வட்டம் போட்ட ஆறில் மட்டும் நாற்றம். மண்மேல் வெள்ளையாக ஏடு. அந்த நேரம் பார்த்து அம்மா அரிசி களைந்த தண்ணீரோடு வந்து, எங்கள் கண்ணெதிரிலேயே அந்த ஆறுக்கு மட்டும் ஊற்றினாள்.

"தெனமும் ஊத்துவீங்களா ஆன்ட்டி?"

"ஆமாட்டி. வட்டம் போட்டதுதான் பரீட்சைக்குள்ளதுன்னு இவ சொன்னாள்லா? பிள்ளேள் பாடம், நல்லா வரட்டும்னு ஊத்துதேன்."

பிள்ளைகளின் படிப்பு என்றால் தன் பங்குக்கு ஏதாவது செய்யாமல் இருக்க முடியாத அம்மாக்கள் நிறைந்த தெரு அது. பரீட்சை நாளில் பேனாவுக்குத் திருநீறு பூசுவார்கள். என் அம்மா காந்தத்துக்கு உரம் போட்டாள்.

அமலா என் பக்கம் திரும்பினாள். "நீ பாத்தியா?"

"இல்ல" என்றேன்.

பார்த்திருந்தேன். மூன்றாம் நாளே பார்த்திருந்தேன். செடி வளர்ந்த சந்தோஷத்தில் அதை நினைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன். சார்ட் போட்டாகிவிட்டது, யாருக்கும் தெரியப்போவதில்லை என்று வேறு சொன்னேன். அவள் வட்டம் போட்ட ஆறையும் தனியே நகர்த்தி வைத்தாள்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே" என்றாள்.

பிறகு அவள் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. காந்தத் துண்டுகளையும் அதே அளவு கூரை ஓட்டுச் சில்லுகளையும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் தாளில் சுற்றினாள். "கூறுகெட்டவ நான்" என்று கண் கலங்கி நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, எதை எதில் போடுவது என்பதை அவளிடமே விட்டாள். வேறு பன்னிரண்டு கொட்டாங்குச்சிகளில் அம்மா போட்டு, புது மண் மூடி, பயறு ஊன்றி, ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண் எழுதி, விவரத்தைச் சீட்டில் குறித்துக் கடுகு டப்பாவுக்குள் வைக்க வேண்டும். அதோடு பின்பக்கமே வரக் கூடாது. எதில் காந்தம் என்று எங்களுக்கே தெரியாமல் நாங்கள் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டும். "தெரிஞ்சா கை தானா ரெண்டு சொட்டு கூட ஊத்தும்டி" என்றாள். இப்படிச் செய்ய வேண்டும் என்று எந்தப் பாடப்புத்தகமும் எங்களுக்குச் சொல்லியிருக்கவில்லை.

பதினோராம் நாள் கடுகு வாசனையோடு சீட்டு வெளியே வந்தது. இருப்பதிலேயே உயரமான நாற்றின் அடியில் கிடந்தது ஓட்டுச் சில்லு. காந்தத்துக்கும் சில்லுக்கும் வித்தியாசமே இல்லை.  அமலா புதுச் சார்ட்டில் இரண்டு சோதனைகளையும் எழுதினாள். முதல் சோதனைக்குக் கீழே, "இது தவறு. அரிசித் தண்ணீரை நாங்கள் இருவரும் கவனிக்கவில்லை" என்று சிவப்பு ஸ்கெட்சில் எழுதினாள். அதைப் பார்த்த டீச்சர், "தோத்துப்போறதுக்கு யாராச்சும் பஸ் ஏறிப் போவாங்களா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போனோம். நடுவர் சார்ட்டைப் படித்துவிட்டு, "அப்ப காந்தம் ஒண்ணும் பண்ணலையா?" என்றார்.

"இல்ல சார். அரிசித் தண்ணிதான் வளத்துச்சு" என்றாள் அமலா, நிமிர்ந்து நின்று.

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த மேசைக்குப் போனார். திருடன் வந்தால் மணி அடிக்கும் அட்டை வீடு ஒன்று கோயமுத்தூருக்குப் போனது. திரும்பும்போது பஸ் நிலையத்திலிருந்து பார்த்தால் தெற்கே போகும் ரயில் ஒன்று நகர்ந்துகொண்டிருந்தது. கடைசிப் பெட்டி மறையும்வரை அவள் வாய்க்குள்ளேயே எண்ணினாள். அம்மா ஊற்றியதை நான் பார்த்தேன் என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

போன மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். எங்கள் பழைய வீட்டின் பின்தளத்துக்குக் கம்பிவலை போட்டு மூடியிருக்கிறார்கள். மைக் செட் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அம்மாவும் இல்லை. அமலா இப்போது பொத்தேரியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறாள். மாதிரிக் குழாய்களில் ஒட்டிய எண்களை ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுக்குகிறாள். டீ குடிக்கும்போது, இருபது வருடத்துக்கு மேல் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னேன். அன்றைக்கு நான் பார்த்தேன், அமலா.

"தெரியும்" என்றாள். "நீ 'இல்ல'ன்னு சொல்லச் சொல்ல, கண்ணு ஆன்ட்டி கையில இருந்த பாத்திரத்து மேலயே இருந்துச்சு. நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்."

டீயை ஆற்றிக் குடித்துவிட்டுக் கேட்டாள்: "சரி வுடு, அந்தப் பச்ச ஸ்வெட்டர் இன்னும் கீதா?"

இல்லை என்றேன். இந்த முறை அது உண்மை.