முப்பிடாதியம்மாளின் இரண்டு தாய்களும் ஒரு மருந்தும்

மும்பை தாராவியில் தோல் பை தைக்கிறவர்களுக்குள் முப்பிடாதியம்மாளைத் தெரியாத ஆள் கிடையாது. திசையன்விளைப் பக்கத்து வானமாமலை என்பவனுக்கு வாக்கப்பட்டு, இருபது வயதில் ரயிலேறி வந்தவள். அவனுக்குக் குர்லாவில் லேத்துப் பட்டறையில் வேலை. இவள் வந்த சூட்டோடு தையல் மெஷினில் உட்கார்ந்தாள். முப்பத்தொரு வருஷமாக அந்த இடத்தை விடவில்லை. தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். துணி மாதிரிப் பிரித்துத் தைக்க முடியாது, ஓட்டை நின்றுவிடும். அவள் தையலில் ஒரு ஓட்டை தப்பி விழுந்தது என்று யாரும் சொன்னதில்லை.

ஐம்பத்தொரு வயதில் அந்தப் பேர் கெட்டது. மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் கடந்திருந்தது. இருந்தாற்போல் நெஞ்சிலிருந்து அனல் கிளம்பிக் கழுத்து, முகம், உச்சி என்று ஏறும். சேலை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தூக்கத்திலும் நாலைந்து தரம் இப்படி எழுப்பிவிட்டால் மனுஷிக்குப் பகலில் கண் நிற்குமா? ஒரே வாரத்தில் மூன்று பை வீணாயிற்று. பட்டறைக்காரர் தௌசீப் தன்மையான ஆள். சத்தம் போடவில்லை. அவளை மௌசி, அதாவது பெரியம்மா, என்றுதான் கூப்பிடுவார்.

"மௌசி, கொஞ்ச நாள் நூல் வெட்டுங்க. ஆராமா இருங்க" என்று மூலைக்கு மாற்றினார்.

நூல் வெட்டுவது புதிதாக வருகிறவர்கள் வேலை. தன் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டே முப்பிடாதி நூல் வெட்டினாள்.

மாட்டுங்காவில் ஷ்ருதி என்ற டாக்டரைப் போய்ப் பார்த்தாள். டாக்டர் பிரஷர் பார்த்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, "ஹார்மோன் மருந்து குடுத்தா இது நன்னாக் கேக்கும். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்கோ. உங்க குடும்பத்துல யாருக்காவது மார்புல கேன்சர், கால்ல ரத்தக் கட்டு, பக்கவாதம் வந்திருக்கா?" என்றாள்.

"எங்க அம்மை மார்ல புத்து வந்துதான் போனா. நாப்பத்திரெண்டு வயசு."

டாக்டரின் பேனா நின்றது. "அவ்வளவு சின்ன வயசுலயா? அப்போ நான் இப்ப ஆரம்பிக்க மாட்டேன். மேமோகிராம்னு மார்புக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துண்டு வாங்கோ. கேன்சர் டாக்டர் ஒருத்தர்ட்டயும் கேட்டுக்கணும். அதுவரைக்கும் ஹார்மோன் இல்லாத மாத்திரை தரேன்."

அந்த மாத்திரை கால்வாசிதான் கேட்டது. முப்பிடாதி மூலையிலேயே இருந்தாள்.

பாண்டுப்பிலிருந்து மூத்த நாத்தனார் முத்துமாரி பார்க்க வந்தாள். ஹார்மோன் மருந்து கிடைக்காத கதையைக் கேட்டுக்கொண்டாள்.

"நல்லதாப் போச்சுன்னு விடுட்டி. அந்த மருந்தைத் தின்னா புத்து வருமாம். வாட்ஸ்அப்ல போட்டிருந்தான்."

"எங்கம்மைக்கு இருந்ததால டாக்டரும் இப்ப வேண்டாம்னுட்டா மதினி."

"எந்த அம்மைக்கு?"

"என்ன கேள்வி இது? புத்து வந்து செத்தாள்லா, அவளுக்கு."

"அவ உன்னை வளத்தவள்லா. பெத்தவ எழுவத்திமூணு வயசுல முருங்கைக்காய் பறிச்சு சந்தைக்கு அனுப்பிட்டு இருக்கா. போன மாசங்கூட ஃபோன்ல என்கூட சண்டை போட்டா."

முப்பிடாதியின் பெரியப்பாவுக்குப் பிள்ளை இல்லை. தம்பி வீட்டில் மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததும் தொட்டிலோடு தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களில் அப்படிக் கொடுப்பது உண்டு. கொடுத்தபின் அந்தப் பேச்சை எடுக்கமாட்டார்கள். வளர்த்தவள் அம்மை, பெற்றவள் சித்தி. டாக்டர் கேட்டபோது அவள் வாயில் வேறு யார் வந்திருப்பார்கள்?

ஆனாலும் இரண்டு நாள் தயங்கினாள். போய் மாற்றிச் சொன்னால், செத்தவளை எனக்கு யாரோ என்றது போல ஆகிவிடாதா? மூன்றாம் நாள், தன் மெஷினிலிருந்து ஒரு பை கைப்பிடி கோணலாய் வந்து தன் முன்னால் நூல் வெட்ட விழுந்தது. அன்றைக்கே ஊருக்கு ஃபோன் போட்டாள்.

"சித்தி, உங்க வீட்டுலயும் எங்க ஐயா வீட்டுலயும் யாருக்கு என்ன நோவு வந்துதுன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

"எதுக்குட்டி, செத்தவங்களுக்கு மருந்து வாங்கவா?" என்று கேட்டாலும், கிழவி ஒருமணி நேரம் சொன்னாள்.

கெடுதல் ஒன்றுமில்லை என்று வந்த மேமோகிராமோடு முப்பிடாதி மறுபடி டாக்டர் முன் உட்கார்ந்தாள். "என்னை வளத்தவதான் எங்க அம்மை. அதுல மாத்தமில்ல. ஆனா ரத்தம்னு கேட்டா வேற ஆளை எழுதணும்" என்று விவரத்தைச் சொன்னாள்.

டாக்டர் நிமிர்ந்தாள். "ரெண்டு பேரும் அக்கா தங்கையா? இல்லே, சொந்தத்துலயே பண்ணிண்ட கல்யாணமா? ரத்தத்துல ஒட்டு இருந்தா கணக்கு மாறும்."

"இல்ல. வளத்தவ சாத்தான்குளத்துக்காரி. அதுக்கு முன்ன எங்க வீட்டுல அங்க பொண்ணு எடுத்ததும் இல்ல, குடுத்ததும் இல்ல."

பிறகு பெற்றவளின் நாலு தங்கைகள், பெற்ற தகப்பனாரின் மூன்று அக்காமார், அவர்கள் பெற்ற பெண்கள் என்று வரிசையாகச் சொன்னாள். ஒருத்திக்கும் புத்தோ ரத்தக் கட்டோ பக்கவாதமோ வந்ததில்லை. டாக்டர் எழுதி எழுதிப் பக்கம் நிரம்பிற்று. "எங்க தாத்தாவைப் பாம்பு கடிச்சுது" என்றபோது, "பாம்பு வேண்டாம்மா" என்று சிரித்துவிட்டாள்.

"இனிமே கேன்சர் டாக்டர்ட்ட கேக்க வேண்டாம், ஹார்மோனை ஆரம்பிக்கலாம். ஆனா பயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன்" என்றாள் டாக்டர். "வருஷக்கணக்கா எடுத்துண்டா மார்புக் கேன்சர் கொஞ்சம் கூடலாம். மாத்திரையா முழுங்கினா ரத்தம் கட்டலாம். தோல்ல தடவற ஜெல்லுல அந்த பயம் ரொம்பக் கம்மி. கர்ப்பப்பை இருக்கறதால அதைக் காப்பாத்த இன்னொரு மாத்திரையும் தவறாம போட்டுக்கணும். உங்களுக்கு அறுபது ஆகலை, பிரஷர் இல்லை, மாதவிலக்கு நின்னும் ரொம்ப நாளாகலை. கூட்டிக் கழிச்சுப் பாத்தா உங்களுக்கு நல்லதுதான் ஜாஸ்தி. வருஷாவருஷம் காட்டணும். திரும்ப ரத்தம் பட்டா அன்னிக்கே வரணும்."

மூன்றாவது வாரம் முப்பிடாதி விடியும்வரை தூங்கினாள். குழாயில் தண்ணீர் வந்தது தெரியாமல் தூங்கினாள் என்று வானமாமலை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆறாவது வாரம் தௌசீபிடம் போய், ஒரு துண்டுத் தோல் கேட்டாள். நடுவில் நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்டி நீட்டினாள். அவர் கட்டைவிரலால் தையலைத் தடவிப் பார்த்தார்.

"மெஷின், குர்சி ரெண்டும் உங்களுதுதான் மௌசி. நாப்பது ஆபீஸ் பை இருக்கு, சனிக்கிழமைக்கு வேணும்."

செய்தி கேட்டு முத்துமாரி ஃபோன் போட்டாள். "நாளைக்கு ஒண்ணுன்னா என்னைச் சொல்லாத, ஆமா."

"அதுக்குத்தான் வருஷாவருஷம் காட்டச் சொல்லியிருக்கா மதினி. வாட்ஸ்அப்காரன் என் மாரைப் பாத்தானா, பிரஷரைப் பாத்தானா?"

முப்பிடாதி ஃபோனை வைத்துவிட்டு அடுத்த பையை இழுத்துப் போட்டாள். நாற்பதும் சனிக்கிழமை காலையிலேயே வண்டி ஏறின. ஒன்றுகூடத் திரும்பி வரவில்லை.