பக்கத்து வீட்டு இறால்

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை. மருதனார்மடத்துக்குக் கிட்ட எங்கள் வீட்டில் தொடங்கி, ஆஸ்பத்திரிக் கட்டிலில் முடிந்த கதை இது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சந்தேகப்பட எனக்குப் பெரிய காரணம் ஒன்றும் தேவையில்லை. பால்காரர் கொஞ்சம் கூடுதலாகச் சிரித்தால், இன்றைக்குப் பாலில் தண்ணீர் கூட என்று நினைக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவளுக்குப் பிறந்த ஒரே பிள்ளைக்கு, காரணம் தெரியாமல் உடம்பில் தடிப்புத் தடிப்பாக எழும்பிக்கொண்டிருந்தால் எப்படி இருக்கும்?

மகளுக்கு அப்போது மூன்று வயது. கழுத்திலும் முழங்கை மடிப்பிலும் திட்டுத்திட்டாகச் சிவந்து, சொறிந்து சொறிந்து அழுவாள். எங்கள் பக்கத்தில் இதற்கு உடனே 'கிரந்தி' என்று பெயர் வைத்துவிடுவார்கள். கிரந்தி என்றால் இறால், நண்டு, கத்தரிக்காய் எல்லாம் கூடாது. நானும் அவளுக்கு மீன், இறைச்சி, முட்டை என்று மச்சம் முழுவதையும் நிறுத்தினேன். வெள்ளிக்கிழமைக்கென்று தனியாக வைத்திருக்கும் சைவச் சட்டியில்தான் அவளுக்குச் சமையல். உடம்புக்குக் குளிர்ச்சி என்று தோசைக்கும் புட்டுக்கும் செக்கு நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டேன். குளிக்க முன் உடம்பிலும் பூசினேன். தடிப்பு குறையவில்லை, கூடியது.

அப்படியானால் யாரோ களவாக மச்சம் கொடுக்கிறார்கள். எனக்கு வேறு யோசனையே வரவில்லை.

யார் என்று தேடவும் வேண்டியிருக்கவில்லை. எங்கள் வளவிலேயே அடுத்த வீட்டில் மச்சாள் இருக்கிறார், என் கணவரின் அக்கா. அவருடைய கணவருக்குக் கடலோரம், தொண்டைமானாற்றுப் பக்கம் வேலை. வரும்போது கையில் இறால் பை இல்லாமல் வரமாட்டார். என் மகள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மச்சாளின் பிள்ளைகளோடு விளையாட அங்கே ஓடிவிடுவாள். போகும்போது நல்லாயிருக்கிற பிள்ளை, திரும்பி வரும்போது தடிப்போடு வரும். இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

அவள் வந்ததும் விரல்களை மணந்து பார்ப்பேன். வாயை ஆவென்று திறக்கச் சொல்லி அதையும் மணப்பேன். வேலியோரம் மச்சாள் கொட்டும் குப்பையில் இறால் கோது கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்திருக்கிறேன். "அக்கா அப்பிடிச் செய்யமாட்டா," என்று கணவர் சொன்னபோது, அவருக்கும் இதில் பங்கு இருக்குமோ என்று ஒரு கணம் யோசித்தேன். மச்சாளிடம் நேரே ஒன்றும் கேட்கவில்லை. முகத்தைத்தான் ஆராய்ந்தேன்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. கணவருக்கு ஏழரைச் சனி. கோயிலில் எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, வீட்டில் எள்ளுச் சாதம் செய்தேன். வறுத்த எள்ளின் வாசத்துக்கே மகள் சட்டியடியில் வந்து நின்றாள். முன்பு அவளுக்கு அதைக் கொடுத்ததில்லை. சைவச் சாப்பாடுதானே, பயமில்லாமல் ஊட்டினேன். இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் மச்சாள் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். பிள்ளையின் உதடும் கண் இமையும் வீங்கியிருந்தன. சத்தி எடுத்த வாந்தி சட்டையெல்லாம் கிடந்தது. மூச்சு இழுத்து இழுத்து வந்தது.

"என்ன குடுத்தனீங்கள்?" அந்த நிலையிலும் என் வாயில் வந்தது இதுதான்.

"ஒண்டும் குடுக்கேல்லை. ஓட்டோவுக்குச் சொல்லிப்போட்டன், முதல்ல வந்து ஏறும்!"

ஓட்டோவில் பிள்ளை என் மடியில். அவளுடைய மூச்சைக் கேட்டபடி, மச்சாளின் முகத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்தேன். ஆஸ்பத்திரியில் உடனே தொடையில் ஊசி போட்டார்கள். "பிள்ளை கடைசியா என்ன சாப்பிட்டது?" என்று டொக்டர் கேட்டார்.

"இறால்," என்றேன். கண்ணால் கண்டவள் போலச் சொன்னேன். மச்சாள் வாயைத் திறந்தார், பிறகு மூடிக்கொண்டார். பாருங்கள், பேச முடியவில்லை என்று மனதுக்குள் நினைத்தேன்.

மூச்சு சீராகி, வீக்கம் வடிந்து, பிள்ளை பசிக்கிறது என்று சிணுங்கியபோதுதான் எனக்கு உயிர் வந்தது. டொக்டர் சாப்பாடு கொடுக்கலாம் என்றார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் என்ன கலந்திருக்குமோ! அதனால் கணவரிடம் சொல்லி வீட்டுச் சாப்பாட்டையே எடுப்பித்திருந்தேன். மிச்சம் இருந்த எள்ளுச் சாதம். ஒரு பிடி எடுத்துக் குழைத்து அவள் வாய்க்குக் கொண்டுபோனேன். அவளும் ஆவென்று திறந்தாள்.

மச்சாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். பிடித்த பிடியில் வளையல் கையில் அழுந்தியது.

"பொறும். நீர் பிள்ளையின்ரை கையை மணந்து பாக்கிறது எனக்குத் தெரியும். அந்தப் பயத்திலை நான் உம்மடை பிள்ளைக்கு ஒரு வாய்த் தண்ணிகூடக் குடுக்கிறேல்லை. தண்ணி கேட்டாலும் வீட்டை போய்க் குடி எண்டுதான் அனுப்புறனான். என்ரை வீட்டிலை ஒண்டும் தின்னாத பிள்ளைக்கு எப்பிடி வந்தது? உந்தச் சோத்திலை இருந்துதான் வந்திருக்கவேணும்."

உண்மையைச் சொல்கிறேன், அப்போதும் நான் நம்பவில்லை. தப்பிக்கத்தான் இப்படிச் சொல்கிறார் என்றே நினைத்தேன். ஆனால் கையை மேலே கொண்டுபோகவும் துணிவு வரவில்லை. டொக்டரைக் கூப்பிட்டு, இறால் சாப்பிட்டதை நான் காணவில்லை, எள்ளுச் சாதம் ஊட்டியது நான்தான் என்று சொன்னேன். சொல்லும்போது வெட்கத்தில் காது சுட்டது. அவர் சாப்பாட்டுப் பெட்டியை வாங்கி மூடி அப்பால் வைத்தார். திரும்பக் கொடுத்திருந்தால் இன்னொரு முறை ஊசி போட நேரம் கிடைத்திருக்குமோ தெரியாது என்றார்.

பிறகு சோதித்துப் பார்த்ததில் எள்ளுத்தான் என்று உறுதியானது. இறால் அவளுக்கு ஒன்றும் செய்யாது. நல்லெண்ணெய்ப் போத்தல் வீட்டை விட்டுப் போனது. எல்லாம் தேங்காயெண்ணெயில். முறுக்கு, பேக்கரிப் பணிஸ், கோயில் பிரசாதம் எதையும் கேட்காமல் அவள் வாயில் வைப்பதில்லை. தடிப்பும் மெல்ல மெல்ல அடங்கியது.

மச்சாளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுக்கவுமில்லை, சும்மா விடவுமில்லை. அடுத்த கிழமை ஒரு கிண்ணத்தில் இறால் பொரியல் கொண்டுவந்து வைத்து, "மணந்து பாத்திட்டுக் குடும்," என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு, என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

"தேங்காயெண்ணெய்தான். கேளும், கேக்கிறது பிழையில்லை. கேக்காமல் நீரே முடிவெடுக்கிறதுதான் பிழை."

சந்தேகக் குணம் என்னை விட்டுப் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் இன்றைக்கும் யாரையாவது குற்றம் சொல்ல வாயெடுத்தால், நம்பிக்கையோடு திறந்திருந்த என் பிள்ளையின் வாய்க்கு ஒரு விரற்கடை தூரத்தில் சோற்றோடு நின்ற என் கைதான் முதலில் கண்ணுக்குள் வருகிறது.