மூச்ச வுடு பாப்பா

இன்று விருத்தாசலத்தில் ஒரு தையல் கடைக்கு ரவிக்கை தைக்கக் கொடுக்கப் போயிருந்தேன். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி யூனிஃபார்முக்கு அளவு கொடுத்துக்கொண்டிருந்தாள். இடுப்பில் டேப் பட்டதும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"மூச்ச வுடு பாப்பா," என்றார் தையல்காரர். அம்மாவிடம் திரும்பி, "வளர்ற புள்ளன்னு போன தடவ இடுப்புல உள்ள மடிச்சு விட்ட துணியெல்லாம் ஆறு மாசத்துலயே தீந்துடுச்சுங்க."

அம்மாவின் முகம் வாடியது. "செராமிக் கம்பெனிலேருந்து நான் வர ஏழு மணி ஆவுதுங்க. அதுவரைக்கும் வூட்டுக்குள்ளயே இருன்னு பிஸ்கட்டும் போனும் குடுத்துட்டுப் போறேன்."

"தெருவுல ஓடி விளையாட விடுங்க," என்றேன் நான், பெரிய மனுஷியாக.

சிறுமி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "வெளையாண்டா பந்தப் புடுங்கி வச்சிக்கிறாங்க ஆன்ட்டி."



எங்கள் தெருப் பிள்ளைகளிடம் நான் பிடுங்கிய பந்துகள் மூன்று, பீரோ மேல் இருக்கின்றன.

உங்கள் வீட்டில் எத்தனை?